என் தட்டில் இருந்த காசு

டீயில் சர்க்கரை வேண்டாம் என்று சொன்னேன். போட்டிருக்கிறார்கள். பரவாயில்லை, அது அங்கேயே இருக்கட்டும். என் கண் முன்னால் கலக்காத எதையும் நான் குடிப்பதில்லை. உங்கள் மேல் தனியாகச் சந்தேகம் ஒன்றும் இல்லை. எழுபத்தோரு வயதில் என் வீட்டுத் தண்ணீரைக்கூட நானேதான் பிடித்து வைத்துக்கொள்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். முடிந்ததும் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பொழுது போய்விடும். கையெழுத்து மட்டும் நன்றாகப் போடுவேன்.

எங்கள் தொழில் பழைய வெள்ளியை எடைக்கு வாங்கி உருக்குவது. முன்னால் தராசு, நடுவில் உலை, பின்னால் திராவக அறை. நெளிந்த கரண்டி, அறுந்த சங்கிலி, மூடி தொலைந்த குவளை, செல்லாமல் போன பழைய வெள்ளிக்காசு எல்லாம் மூட்டையாக வரும். மூட்டைக்குள் வந்துவிட்டால் ராஜா தலையும் ஒன்றுதான், கரண்டிக் காம்பும் ஒன்றுதான். உலைக்குப் பட்டம் பதவி தெரியாது.

ஆனால் அந்தக் காசுகளுக்குள் எப்போதாவது ஒன்று உருக்கக் கூடாததாக வரும். குறைவாக அடித்த வருஷமாக இருக்கும், அச்சு பிசகியதாக இருக்கும். அதை எடைக்குப் போடாமல் எடுத்து வைத்தால் வாங்கிக்கொள்ள ஒருவர் வருவார். கண்ணில் கண்ணாடிக் குமிழை இடுக்கிக்கொண்டே பேசுவார் என்பதால் அவருக்கு லென்ஸ்காரர் என்று பெயர். பல வருஷம் முன்பு ஒரு காசின் படத்தைக் கொண்டுவந்து எங்கள் சுவரில் ஒட்டினார். ஆண்டுக்குக் கீழே கடுகளவு ஒரு நட்சத்திரம். அந்த நட்சத்திரம் போட்ட அச்சு ஒரே வாரத்தில் உடைந்துபோனதாம். "இது ஒண்ணு கெடைச்சா ராத்திரியானாலும் எனக்குச் சொல்லுங்க" என்றார். சொன்னது இரண்டு பேரிடமும்தான். பார்த்தது மாப்பிள்ளையை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சியின் புருஷன். இறந்துபோனவன். பாத்திரக் கடை வைத்து நொடித்துப்போய் நின்றான். தங்கச்சி வந்து அழுதாள். பத்தொன்பது வருஷம் முன்பு அவனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டேன். கூட்டுத் தொழில் என்பது இரண்டு பேர் ஒரே போர்வையில் படுப்பது போல. யார் இழுக்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காசு மூட்டை வந்தால் என்ன முறை என்று நான்தான் வகுத்தேன். நான் இரண்டு குவியலாகப் பிரிப்பேன். எந்தக் குவியல் வேண்டும் என்று அவன் சொல்வான். அவரவர் குவியலை அவரவர் பார்த்து, வேண்டாததைத் தட்டில் அள்ளி உலைக்குக் கொண்டுபோக வேண்டும். நல்ல காசு எவன் குவியலில் இருக்கிறதோ அவனுக்கு. இதைவிட நேர்மையான முறை இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

பத்தொன்பது வருஷத்தில் அவனுக்குப் பதினாலு காசு கிடைத்தது. எனக்கு ஒன்றும் இல்லை.

முதலில் நான் பிரிப்பதில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அவனைப் பிரிக்கச் சொல்லி நான் தேர்ந்தெடுத்தேன். அவனுக்கே கிடைத்தது. உட்கார்ந்த பிறகு குவியலை மாற்று என்றேன். "இந்தா மச்சான், ரெண்டையும் நீயே வச்சிக்கோ, நான் கரண்டிய எண்றேன்" என்று சிரித்தபடி மாற்றிக்கொண்டான். அப்போதும் அவனுக்கே. கையில் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறான் என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து அவன் கையைவிட்டு என் கண் நகரவில்லை. அவன் ஒவ்வொரு காசாக எடுப்பான், கட்டைவிரலால் தேய்ப்பான், வெளிச்சத்துக்குச் சாய்ப்பான், போடுவான். அந்த விரல்களை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். என் கை பாட்டுக்கு என் குவியலைத் தட்டில் அள்ளிக்கொண்டிருக்கும்.

"என் கையவே ஏன் மச்சான் பாக்குற? உன் குவியலப் பாரு. காசு என்ன என் நகத்துலயா முளைக்குது?"

திருடன்தான் இப்படிப் பேசுவான். ஆனால் பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள்கூட அவனை நான் பிடிக்கவில்லை. அந்த அளவுக்குக் கெட்டிக்காரன், அல்லது அதிர்ஷ்டக்காரன். சிலருக்குக் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டும், சிலருக்கு ஓட்டைக் கூரை மட்டும்தான்.

தெருவில் அவனுக்குக் காந்தக்கை என்று பெயர். லென்ஸ்காரர் வந்தால் அவனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். என்னைப் பார்த்து, "பெரியவரே, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா" என்பார். கடை என்னுடையது. உலை நான் கட்டியது. அந்த உலைச் சூட்டில் கண் இமை முடி கொட்டியது எனக்கு. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பேன். என் தங்கச்சி, என் கூடப் பிறந்தவள், என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "அவர் கைராசிண்ணே, மண்ணத் தொட்டாலும் வெள்ளி" என்பாள்.

பொறாமை என்று உங்கள் தாளில் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். நான் கணக்கு கேட்டேன், அவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரே மூட்டை, ஒரே தராசு. பிறகு ஏன் ஒருவனுக்கு மட்டும்?

அந்த நாளுக்கு வருகிறேன். காலை பதினோரு மணி. யாரோ ஒரு வீட்டைக் காலி செய்த மூட்டை, கறுத்துப்போன காசுகள். பிரித்தேன். அவன் இடது குவியலைச் சொன்னான். பின் அறையில் திராவகத் தொட்டியில் பழைய வெள்ளிக்கம்பி கரைந்துகொண்டிருந்தது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சாதாரண நாள்.

அவன் குவியல் முடிந்தது, ஒன்றும் இல்லை. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, மறைக்கவில்லை. என் கடைசித் தட்டைத் தூக்கிக்கொண்டு உலைவாய்க்குப் போனேன். தட்டைச் சாய்க்கப் போனேன்.

"மச்சான், நில்லு. அப்படியே நில்லு. சாய்க்காத."

எழுந்து வந்தான். என் தட்டுக்குள் இரண்டு விரலை விட்டான். ஒரு கறுப்புக் காசை எடுத்தான். கட்டைவிரலால் தேய்த்தான். ஜன்னல் பக்கம் போனான். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான், காசைப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெரிய ஆள்தான், ஐம்பத்தாறு வயது.

"நட்சத்திரம் மச்சான். இத்தன வருஷம் கழிச்சி வந்திருக்கு பாரு." பிறகு என் கையை விரித்து, உள்ளங்கையில் காசை வைத்து, என் விரல்களை அவனே மடக்கினான். "உன் தட்டுல இருந்தது. உன்னோடது. இனிமே நான் காந்தக்கை இல்ல, நீதான்."

அதை எப்படிச் சொன்னான் என்று உங்களுக்கு விளங்கவேண்டும். வாசலில் வந்து நிற்கிறவனுக்குச் சோறு போடும்போது ஒரு குரல் வருமே, அந்தக் குரல். என் தட்டில் இருந்த என் காசை எனக்கே தானம் கொடுத்தான். திருடியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

தட்டோடு பின் அறைக்குப் போனேன். காசைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன். என் தட்டிலிருந்து ஒரு சாதாரணக் காசை எடுத்துத் திராவகத்தில் போட்டேன். தேடுகிறவனுக்கு எதுவும் தட்டுப்படாவிட்டால் சந்தேகம் வரும். வெளியே வந்தேன். விசிறியின் சுவிட்ச் கதவுக்கு வெளியேதான் இருக்கிறது. அணைத்தேன். கொஞ்ச நேரம் நின்றேன். பழுப்புப் புகை கதவுக் கண்ணாடி வரை ஏறியது. அப்புறம் கூப்பிட்டேன்.

"மாப்ள, காசு தொட்டியில விழுந்துட்டுது."

"எப்படி விழும்?"

"கறுப்பு போகட்டும்னு நனைச்சேன். வழுக்கிடிச்சி."

"ஐயோ மச்சான், பழைய காசக் கழுவக் கூடாதுன்னு லென்ஸ்காரரு தலையில அடிச்சிக்கிட்டாரே. இரு, கரையறதுக்குள்ள எடுத்துடலாம்."

இடுக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினான். முகமூடி ஆணியில் தொங்கியது. அவசரத்தில் அவன் எடுக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. கதவைச் சாத்திக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். கடைக்குள் புகை வரக்கூடாதல்லவா. கதவு பூட்டப்படவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவன் ஒரு தடவைகூடத் திறக்கச் சொல்லவில்லை. இடுக்கி தொட்டியில் படும் சத்தம் கேட்டது. இருமல் கேட்டது. நடுவில் ஒருதரம், "வேற காசுதான் மச்சான் மாட்டுது, இன்னும் பாக்குறேன்" என்றான். "நல்லாப் பாரு" என்றேன்.

வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. தண்ணீர் குடித்தான், இருமினான், கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டான்.

"போச்சு மச்சான். கரைஞ்சிருக்கும். உனக்குன்னு வந்த ஒண்ணையும் காப்பாத்த முடியல. கோவிச்சிக்காத."

"விடு" என்றேன்.

மதியம் நன்றாகச் சாப்பிட்டான். காந்தம் துருப்பிடித்துவிட்டது என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டான். சாயங்காலம் வழக்கம்போல நடந்தே வீட்டுக்குப் போனான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் நான் எதையும் ஒளிக்கிறவன் இல்லை. இருபத்திரண்டு வயதில் நான் வேலை பார்த்த பட்டறையில் ஒருவன் இந்தப் புகையை வாங்கினான். அவனும் இருமினான், சரியானான், சாப்பிட்டான், சிரித்தான். விடிவதற்குள் தண்ணீரில் முங்கியவன் மாதிரி செத்துப்போனான். பழுப்புப் புகை அப்படித்தான். உடனே அடிக்காது. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு பொறுமையாக வேலை செய்யும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருவேளை பிழைக்கலாம். எனக்கு இது ஐம்பது வருஷமாகத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியாது. அவன் பாத்திரக் கடைக்காரன். உள்ளே போனால் விசிறி, முகமூடி என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். ஏன் என்று அவன் கேட்டதில்லை. நான் சொன்னால் காரணம் இருக்கும் என்று நம்புவான்.

ஏழு மணிக்குத் தங்கச்சி போன் செய்தாள்.

"அண்ணே, அவருக்கு மூச்சு ஒரு மாதிரி வாங்குது. பட்டறையில ஏதாவது ஆச்சா? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டுமா?"

"ஒண்ணும் ஆகல. சளி பிடிச்சிருக்கும். வெந்நீர் குடுத்துப் படுக்க வை. தூங்கினா சரியாயிடும்."

"நீ சொன்னா சரிண்ணே. காசு போயிடுச்சேன்னு மனசு விட்டுட்டாரு. உனக்குத் துரோகம் பண்ணிட்ட மாதிரி புலம்புறாரு."

"புலம்ப வேண்டாம்னு சொல்லு."

அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன். நாலரை மணிக்கு மறுபடி போன் வந்தது.

மாரடைப்பு என்றார்கள். நான் மறுக்கவில்லை. நான்காம் நாள் லென்ஸ்காரர் துக்கம் விசாரிக்க வந்தார். தங்கச்சி வீட்டு முன்னறையில் நாற்காலிகள் காலியாக இருந்தன. அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் தடவையாக என் பக்கத்தில். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்குக் காசு கெடைச்ச உடனே அவர் எனக்குப் போன் பண்ணினார். எங்க மச்சான் நட்சத்திரக் காசக் கண்டுபுடிச்சிட்டாருன்னு சின்னப் பிள்ள மாதிரி சொன்னார். அப்புறம் கரைஞ்சி போச்சுன்னாங்க. ஆனா கண்டுபிடிச்சது நீங்கதானே. அந்தக் கண்ணு எத்தன பேருக்கு வரும்?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் பத்தொன்பது வருஷமாகப் பக்கவாட்டிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சட்டைப் பைப் பொத்தானைக் கழற்றினேன். எதற்கு என்று கேட்காதீர்கள். இவ்வளவு சொன்ன மனிதருக்குக் காட்டாமல் எப்படி இருப்பது? காசை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் கண்ணில் லென்ஸ் ஏறியது. "அதேதான்" என்று மெதுவாகச் சொன்னார்.

தங்கச்சி தண்ணீர்ச் செம்போடு எங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். செம்பைக் கீழே வைத்தாள். காசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கரைஞ்சி போச்சுன்னியேண்ணே" என்றாள். அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. சின்ன வயதிலிருந்தே அவசரக்காரி.

ஆக, விசிறியை அணைத்தது நான். இல்லாத காசுக்காக அவனை உள்ளே அனுப்பியது நான். தெரிந்தும் வைத்தியரிடம் போகவிடாமல் தடுத்தது நான். அவன் செத்தது என்னால்தான். மூன்றையும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம் இருக்கிறது. சற்றுமுன் உங்கள் ஆள் வாசித்தாரே, காசைப் போட்டு வைத்திருக்கும் அந்த உறைமேல் என்ன எழுதியிருக்கிறது? "இறந்தவர் கண்டெடுத்த வெள்ளிக்காசு ஒன்று." அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். அது என் தட்டில் இருந்த காசு. கண்டெடுத்தது நான். வேண்டுமானால் லென்ஸ்காரரைக் கேளுங்கள், மாப்பிள்ளையே தன் வாயால் போனில் சொல்லியிருக்கிறான். பத்தொன்பது வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவன் பொய் சொல்கிறவன் இல்லை.