நெட்போல் கம்பத்திலிருந்து அவிழ்த்த நாற்காலி

எனது பெயர் வேலாயுதம் சுபாஜினி. வயது 43. பசறையில் வசிக்கிறேன். பொலிஸ் நிலையத்தில் தமிழில் எழுதக்கூடிய அதிகாரி வரும்வரை காத்திருந்து, 2025 ஜூன் 24ஆம் திகதி காலை சார்ஜன்ட் றிகாஸ் அவர்களிடம் பின்வருமாறு கூறுகிறேன்.

முறைப்பாட்டில் குறிப்பிடப்படும் மடுல்சீமைத் தோட்டப் பாடசாலையில் ஒன்பது வருடங்களாக விசேட கல்வி அலகின் ஆசிரியையாக இருக்கிறேன். அலகில் பதினொரு பிள்ளைகள். நடக்க முடியாதவர்கள், காது கேளாதவர்கள், பார்வை குறைந்த ஒருவர், கற்றலில் பிந்தியவர்கள். உடற்கல்வி நேரத்தில் மற்ற வகுப்புகள் விளையாட, இவர்கள் அவர்களுடைய புத்தகப் பைகளைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் வலயக் கல்விப் பணிமனையில் மூன்று நாள் பயிற்சி பெற்றேன். அதன் பிறகு அதிபரிடம் கேட்டு, செவ்வாயும் வியாழனும் முதல் இரண்டு பாடவேளைகளுக்கு மைதானத்தை வாங்கினேன். காது கேளாதவர்களுக்கு விசிலுக்குப் பதிலாகச் சிவப்புத் துணி. பார்வை குறைந்த பிள்ளைக்கு உள்ளே மணி வைத்த பந்து. நடக்க முடியாதவர்களுக்கு உட்கார்ந்தபடி பந்து எறிதல்.

அலகின் பிள்ளைகளில் ஒருத்தியான தனுஜாவுக்கு வயது 13. தாய் பெரியாயி தேயிலைக் கொழுந்து பறிப்பவர். பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே கால்கள் இயங்காது. அவளது சக்கர நாற்காலியின் பிரேக் பிடிக்காது. வேறொன்று கேட்டு நான்கு கடிதங்கள் எழுதினேன், பதில் வரவில்லை. ஆகவே எறியும்போது நாற்காலியை நெட்போல் கம்பத்தில் கயிற்றால் கட்டி, சில்லுகளுக்குக் கல் வைப்பேன். மைதானத்தின் கீழ்ப்பக்கம் சரிவு. அதற்குக் கீழே மழைத்தண்ணீர் வடியும் தோட்டத்துக் கான் ஓடுகிறது. மாகாணப் போட்டிக்குத் தெரிவாக அவள் ஒன்பது மீற்றர் எறிய வேண்டும். எட்டரை வரை எறிந்துகொண்டிருந்தாள்.

ஜூன் 19ஆம் திகதி வியாழக்கிழமை காலை 8.40 மணியளவில், உடற்கல்வி ஆசிரியர் ஜெயகுமார் கிரிக்கெட் அணியுடன் வந்தார். "டீச்சர், கிரவுண்ட எங்களுக்குக் குடுக்கச் சொல்லி அதிபர் சொல்லிட்டாருங்க. நாளைக்கு மேட்ச் இருக்கு" என்றார். எனக்கு இன்னும் ஒரு பாடவேளை மிச்சமிருந்தது. அந்த மாதத்தில் இது நான்காவது தடவை. முதல் மூன்று தடவையும் வாக்குவாதம் செய்துவிட்டு வெளியேறினேன். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் பந்துகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

அதன் பிறகு ஜெயகுமார், எனக்கு உதவும் எண்ணத்தில், கற்களைத் தள்ளிவிட்டு, கயிற்றை அவிழ்த்து, தனுஜாவை நாற்காலியோடு மைதானத்தின் கீழ் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார். பிரேக்கை இழுத்துவிட்டு விக்கெட் நடப் போனார். அது பிடிக்காது என்று நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சற்று நேரத்தில் காது கேளாத பிள்ளையொன்று சிவப்புத் துணியை வேகமாக ஆட்டியது. நான் திரும்பியபோது ஓரத்தில் நாற்காலி இல்லை. தனுஜா கானுக்குள் கிடந்தாள். நாற்காலி அவள் மேல் கிடந்தது. அதன் பிறகு தோட்ட லொறியில் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எறியும் கையின் மணிக்கட்டும் காறை எலும்பும் முறிந்திருந்தன.

மறுநாள் அதிபர் சிவசுப்பிரமணியம் அவர்கள் என்னை அழைத்தார். அவர் கெட்டவர் அல்ல. மணிப் பந்துகளைக் கொழும்பிலிருந்து தேடிக் கொண்டுவந்து தந்தவர் அவரே. "கயிறு அறுந்து போச்சு எண்டு எழுதித் தாங்கோ பிள்ளை. ஜெயகுமார் இன்னும் நிரந்தரமாகேல்லை. அவன்ர வேலை போயிடும்" என்றார். எழுதிக் கையொப்பமிட்டேன். அந்தக் கடிதம் பொய். கயிறு அறுந்து போகவில்லை. அதன் பிறகு மைதானப் பயிற்சி நிறுத்தப்பட்டது. இப்போது அந்த நேரத்தில் பிள்ளைகள் வகுப்பில் படம் வரைகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். தனுஜா தூக்கத்தில் இருந்தாள். பெரியாயி எனக்கு உட்கார நாற்காலி தந்துவிட்டு நின்றுகொண்டே கேட்டார்.

"கயிறு அந்துருச்சுன்னு சொல்றாங்க. புள்ள இல்லேங்குது. நீங்க பாத்தீங்களா டீச்சர்?"

பார்க்கவில்லை என்றேன்.

அதுவும் பொய். கயிற்றை அவிழ்த்ததைப் பார்த்தேன். சரிவின் ஓரத்தில் நிறுத்தியதையும், கல் வைக்காமல் போனதையும் பார்த்தேன். இருபது அடி தூரத்தில்தான் நின்றேன். கல்லு வைங்க என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். வாயைத் திறந்தால் மைதானத்தைப் பற்றியும் மறுபடி பேச வேண்டிவரும் என்று களைப்பாக இருந்தது. தனுஜா அப்போது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பந்து பொறுக்கக் குனிந்தேன்.

மேலே உள்ளவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. "களைப்புன்னு எழுதத்தான் வேணுமா டீச்சர்? அது உங்களுக்குப் பாதகமா வரும்" என்று சார்ஜன்ட் கேட்டார். இருக்கட்டும் என்றேன். எழுதியிருப்பது நான் சொன்னபடியே இருக்கிறது, அது உண்மை என்று ஏற்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) வே. சுபாஜினி