சத்தம் வரைந்த தாள்

ஜெகதாப்பட்டினத்திலிருந்து அறந்தாங்கி போகும் சாயங்கால பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு ஆசிரியைகள். ஜன்னலோரம் இருந்தவர், மடியில் படம் வரைந்த ஒரு தாளை விரித்தபடி கேட்டார்:

"டீச்சர், செவப்பு மைய பேப்பர் கிழியாம அழிக்க முடியுமாங்க?"

"ஏன், மார்க்க மாத்திப் போட்டுட்டீங்களா?"

"இல்லைங்க. மூணாங்கிளாஸ் புள்ளைங்ககிட்ட, வீடு, மரம் எதுவும் வேணாம், ஒங்க தெருச் சத்தத்த வெறும் கோடும் கலருமா வரைங்கன்னேன். ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்து வீட்டுப் புள்ள, பாதிப் பேப்பர்ல நெருக்கமா ஊதாக் கோடு போட்டுட்டு மீதிய வெள்ளையா விட்டுருச்சு. நான் அந்த வெள்ளையிலயே 'முழுமையாக வரையவும்'னு எழுதிட்டேன்."

"சரியாத்தானே எழுதியிருக்கீங்க."

"அது சொல்லுது, 'ஊதாக் கோடு ஐஸ் கம்பெனி ஓடுன சத்தம். அப்பாவ சிலோன் நேவி கடல்ல புடிச்சுட்டுப் போனதுலேருந்து எந்தப் போட்டும் போகல டீச்சர். ஐஸ் கம்பெனி ஓடல. சத்தமே இல்ல'ங்குது."

பக்கத்தில் இருந்தவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"அப்ப படம் முடிஞ்சுதானே இருக்கு. எதுக்கு அழிக்கணும்?"

"முடியலைங்க. அப்பா வந்ததும் மீதிச் சத்தத்த வரையணுமாம். அதுக்கு எடம் வேணும்ல."