ஒன்பது மாப்பிள்ளைகளும் ஒரு போனும்

ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் கம்மி, மேடம். பரவாயில்லை, குடிக்கலாம். நான் குறை சொல்கிற ஆள் இல்லை. குறை பார்ப்பது என் வேலை, அவ்வளவுதான்.

பெயர் தனபால். அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகச் செக்கிங் பார்க்கிறேன். தையல் விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, அந்த பீஸைத் தள்ளி வைக்க வேண்டும். தள்ளியதைக் கத்தரியால் வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் நல்லதோடு கலந்துவிடும். அப்பா அம்மா போன பிறகு தங்கை சித்ராதேவிக்கு மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. தெரிந்த தொழிலைத்தான் அங்கேயும் செய்தேன்.

முதலில் வந்தவர் பல்லடத்தில் தறி வைத்திருந்தார். வயர் இல்லாத இயர்போன் ஒன்றைக் காட்டி, "இது எல்டேக்குங்க, பாட்டு அத்தன துல்லியமாக் கேக்கும்" என்று பெருமையடித்தார். போனிலிருந்து காதுக்குப் பாட்டு காற்றில் போகும்போது சுருக்கித்தான் அனுப்புவார்கள். அந்தச் சுருக்கலில் எல்டேக் என்பது உயர்ந்த ரகம். எஸ்பிசி என்பது எல்லாக் கருவியிலும் இருக்கிற கடைசி ரகம். எந்த ரகத்தில் போகிறது என்பதைப் போன் செட்டிங்கில் அடிவரை போனால் பார்த்துவிடலாம். என் போனில் சேர்த்துப் பார்த்தேன். எஸ்பிசி என்று காட்டியது. காதில் மாட்டுகிற பொருளிலேயே பொய் சொல்கிறவர், கட்டிக்கொள்கிற பெண்ணிடம் எதைத்தான் சொல்ல மாட்டார்? தள்ளினேன்.

அதன் பிறகு வந்த எல்லோருக்கும் இதே சோதனைதான். வெள்ளகோவில்காரர் எஸ்பிசி. பெருந்துறை டாக்டர் எஸ்பிசி. ஒருவரிடம் இயர்போனே இல்லை. எல்டேக் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கிவரச் சொன்னேன், பாவம், வாங்கி வந்தார், அதுவும் எஸ்பிசி. ஒவ்வொருவர் ஜாதகத்திலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித்தான் திருப்பி அனுப்பினேன். எதையும் முறையாகச் செய்ய வேண்டும். இப்படி எட்டுப் பேர். ஆரம்பித்தபோது சித்ராவுக்கு இருபத்தாறு வயது, இப்போது முப்பத்துமூன்று.

ஒன்பதாவது ஆள் அருள்செல்வன். அவரைச் சித்ராவே பார்த்து வைத்திருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை தன் அம்மா மருதாளோடு வீட்டுக்கு வந்தார். நான் அவர் இயர்போனைச் சோதித்துவிட்டு எஸ்பிசி என்றேன். அவர் கோபப்படவில்லை.

"ஏனுங்க மச்சான், உங்க போன்ல எல்டேக் இருக்குதுங்களா? ரெண்டு பக்கமும் இருந்தாத்தானுங்க அது வரும். போன்ல இல்லீன்னா, எத்தன நல்ல இயர்போனா இருந்தாலும் அதக் காட்டாதுங்க."

சித்ரா தன் போனில் சேர்த்துப் பார்த்தாள். எல்டேக் என்று வந்தது.

"எட்டுப் பேருங்ணா" என்றாள்.

புகாரில் இருப்பது அதற்குப் பிறகு நடந்தது. இயர்போனைக் கத்தரியால் வெட்டினேன். முதல் தடவை நழுவியது, இரண்டாம் தடவை புகை வந்தது. அந்த அம்மா பயந்துபோனதில் எனக்கு வருத்தம்தான். பிறகு மாப்பிள்ளையின் காதில் ஸ்டிக்கர் ஒட்டினேன். கத்தரி இன்னும் கையில் இருந்தது. தள்ளிய பீஸை என்ன செய்வோம் என்று முன்பே சொன்னேன், மேடம். காதுக்கு நான்கு தையலோடு போயிற்று. தையல் நன்றாகவே விழுந்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் பார்த்தேன்.

எதையும் மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. என் போனில் எல்டேக் கிடையாது என்பது இரண்டாவது மாப்பிள்ளை வந்துபோன அன்றே எனக்குத் தெரியும். கம்பெனியில் அளக்கிற டேப் இழுபட்டு அளவு மாறினால் அப்போதே குப்பையில் போட்டுவிடுவோம். போனைப் போட மனம் வரவில்லை, பழகிய போன். தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்த புதுப் போனில் எல்டேக் உண்டு. அது பெட்டியைப் பிரிக்காமல் மூன்று வருடமாகப் பீரோவில் இருக்கிறது. எல்லாம் அவள் நல்ல இடத்தில் போய் வாழ வேண்டும் என்பதற்காகத்தான்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? வெளியே சித்ராதான் நிற்கிறாள் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை, எனக்குச் சமைப்பதும் இல்லை. நீங்கள் கேட்டு ஒன்று மட்டும் சொல்லுங்கள் மேடம், ரசப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது?