நடு அறைக்கு வந்த கட்டில்

தலைமையேற்று, என் பேச்சு நீளுமோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் மருத்துவர் ஐயா அவர்களே! அவையை நிறைத்திருக்கும் ஆன்றோரே! நோயுற்றோரை வீட்டில் வைத்துப் பேணும் தாய்மார்களே! நேற்றுப் பட்டம் பெற்று இன்று பணி தேடும் செவிலித் தங்கைகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

மருத்துவமனையில் மணி உண்டு, மருந்தறை உண்டு, மலைத்து நின்றால் கைகொடுக்க மூத்த செவிலி உண்டு. வீட்டில் யார் உண்டு? கதவைத் திறந்ததும், "இந்தச் சின்னப் பொண்ணா?" என்று கேட்கும் குரல்தான் உண்டு!

எங்கள் வீட்டுப் பராமரிப்பு நிலையத்திலிருந்து ஒரு தங்கையை அனுப்பினோம். முதல் வேலை. நோயாளி, ஒரு பக்கம் செயலிழந்த தையல்காரர். சுவரோரம் கிடந்த கட்டிலை அவள் அறை நடுவே இழுத்துப் போட்டாள். இருபுறமும் நின்று பணி செய்யலாம் அல்லவா? பாடப்படி பிழையே இல்லை. ஆனால் அவர் வாயை மூடிக்கொண்டார். சொல்லுக்கும் திறக்கவில்லை, சோற்றுக்கும் திறக்கவில்லை.

அவர் மனைவி என்னைத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "மனுஷன் பட்டினி கிடக்கறார். நாளைக்கு வேற ஆளை அனுப்புங்க சார்."

தங்கையோ, "இன்னிக்கு ஒரு நாள் குடுங்க சார்" என்றாள்.

என்ன செய்தாள்? அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்திவிட்டு, அவர் கட்டிலில் தானே படுத்தாள்! சிரிக்காதீர்கள், அந்த அம்மாவும் அலறித்தான் போனார். படுத்தவள் கண்ணில் பட்டது அலமாரியின் பக்கப் பலகை மட்டுமே. பழைய இடத்திலிருந்து பார்த்தால்? கதவு வழியே முன்னறை, அவருடைய தையல் மெஷின், அதில் தைக்கும் மகள்!

வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? தண்ணீருக்கும் பிறர் கையைப் பார்ப்பவர், இன்னொன்றையும் கேட்கக் கூசினார். அவ்வளவுதான்.

கட்டில் பழைய இடத்துக்கே திரும்பியது. மகள் தைப்பதைப் பார்த்தவர் வாய் திறந்தார். "காலரை ஏம்மா அப்படி இழுக்கறே? துணி தானா போகும், விடு." பிறகு ஒரு தட்டுச் சோற்றையும் மிச்சமின்றிச் சாப்பிட்டார்.

அந்த ஒரு நாள் எத்தனை தங்கைகளுக்குக் கிடைக்கிறது? தாய்மார்களே, அவள் தடுமாறினால் துரத்தாதீர்கள். உங்கள் வீட்டை அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள்! மருத்துவர்களே, அவள் அழைத்தால் எடுங்கள்! நிலையம் நடத்துவோரே, முதல் வாரம் அவளைத் தனியே அனுப்பாதீர்கள். அனுபவமுள்ள ஒருத்தியைத் துணைக்கு அனுப்புங்கள்! "செலவு யாருது?" என்கிறார் பின்வரிசை நண்பர். எங்களுடையதுதான் ஐயா, அமருங்கள்.

அந்தத் தங்கையை இம்மேடைக்கு அழைத்தோம். "இன்னிக்கு அவரை எழுந்து நிக்க வெச்சுப் பார்க்கப் போறேன் சார், மேடையில எனக்கு என்ன வேலை?" என்று சொல்லிவிட்டாள். வராத அவள் சார்பிலும் உங்களுக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.