ஒற்றை வெட்டும் ஓட்டையில்லாத் தொப்பியும்

தோள் அறுவைச் சிகிச்சை முடிந்த வலக்கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, இடக்கையால் மீன் வறுவலோடு போராடியபடியே இந்த விருந்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் கழகத் தலைவர் வெர்லின் ஸ்டாங்க் அவர்களே; அந்த மீனைத் துண்டாக்கித் தரக் கை இருந்தும் வேடிக்கை பார்க்கும் அவர் துணைவியார் மாவிஸ் அவர்களே; பிராந்திக் கோப்பையை முன்வைத்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே; எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்று கேட்கும் தாய்மார்களே; நாங்கள் ஆண்டுதோறும் தோற்பது எப்படி என்பதை எங்கள் வாயாலேயே கேட்டு மகிழ ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்திருக்கும் போட்டிக் கழகத்தாரே; சுவரில் தொங்கும் எட்டுத் தொப்பிகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

'ஸ்கீட்டுக்கு எந்தச் சோக்?' இதுதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தந்தவர் தலைவர். "ஜோலீன், நீ பேசும்மா. ஒண்ணையும் மறைக்காத" என்றார். ஆகவே, இனி நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு.

இந்தக் குடும்பங்களுக்குப் புதிதாக வாக்கப்பட்டு வந்திருக்கும் மருமக்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்கீட் என்பது பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுட்டு உடைக்கும் ஆட்டம்; ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து தட்டு. சோக் என்பது துப்பாக்கிக் குழலின் வாயில் திருகிப் பொருத்தும் விரல்நீளக் குழாய். அதன் வாய் குறுகியிருந்தால் ரவைகள் கூட்டமாகப் போகும். அகன்றிருந்தால் விரிந்து போகும். அதன் விளிம்பில் சிறு வெட்டுகள் இருக்கும். ஒரு வெட்டிலிருந்து ஐந்து வெட்டு வரை. எந்த வெட்டு எதற்கு? அதை அறிந்தவர் யார்? அறிந்தவர் தலைவர். பத்தொன்பது ஆண்டுகளாக அவர் எங்களுக்குக் கற்பித்த பாடம் ஒரே வரி: "ஒரு வெட்டுன்னா கிட்டக்க, அஞ்சு வெட்டுன்னா தூரத்துக்கு."

என்ன எளிமை, என்ன தெளிவு. அவர் சொன்னபடி நாங்கள் எல்லோரும் ஒரே கம்பெனித் துப்பாக்கி வாங்கினோம். அவர் சொன்னபடி இருபத்தோரு கஜத்தில் பறக்கும் களிமண் தட்டுக்கு ஒற்றை வெட்டைத் திருகினோம். அவர் சொன்னபடி, இலையுதிர்காலத்தில் மிக உயரத்தில் பறக்கும் காட்டு வாத்துக்கு ஐந்து வெட்டைத் திருகினோம். தட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு பிழைத்தன. வாத்துகள் மொத்தமும் பிழைத்தன.

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். லானிதானே? உங்கள் வீட்டில் வாத்துக்கறி தின்று எத்தனை வருஷம் ஆயிற்று என்று நான் இந்த மேடையில் கேட்கப்போவதில்லை.

ஆனால் எங்கள் ரவை பட்ட தட்டு எப்படிப் போகும் தெரியுமா? உடையாது, புகையாகும். அந்தக் கரும்புகையைக் கண்டு நாங்கள் பூரித்தோம். அக்கரைக்காரர்கள் இருபத்தைந்துக்கு இருபத்துமூன்றைத் துண்டுதுண்டாக உடைத்தார்கள். நாங்கள் பதினாறைப் புகையாக்கினோம். எண்ணிக்கை அவர்களுக்கு, புகை எங்களுக்கு.

இந்தச் சுவரைப் பாருங்கள். ஒருவர் தம் வாழ்வில் முதன்முதலாக இருபத்தைந்துக்கு இருபத்தைந்து உடைத்தால், அவர் தொப்பியை மேலே எறிந்து, கூடச் சுட்டவர்கள் சல்லடையாக்கி, இங்கே மாட்டுவது நம் வழக்கம். ஆறு தொப்பிகள் திருகுச் சோக் வருவதற்கு முந்தைய காலத்தவை. ஏழாவது மாவிஸ் அவர்களுடையது. அவர் தம் தந்தையின் பழைய துப்பாக்கியால் சுட்டார்; கணவர் பேச்சைக் கேட்கவில்லை. தலைவர் தொப்பி? முப்பத்தோரு ஆண்டுகள் அவர் தலையிலேயே இருந்தது. இருபத்துநான்கு வரை இருமுறை போனார். இருபத்தைந்துக்குப் போகவில்லை. அக்டோபரில் தோள் அறுவை. அதன்பின் துப்பாக்கியைத் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஓட்டையில்லாத தொப்பியோடு ஓய்வு பெறுவதா? அதுதான் கோடை முழுக்க அவரை அரித்தது.

இனி என் குற்றம். ஏப்ரலில் ஒரு சோக்கைத் தொலைத்துவிட்டுப் புதிது வாங்கினேன். பெட்டிக்குள் ஒரு காகிதம் இருந்தது. இந்தக் கழகத்தில் அதுவரை எவரும் செய்யாத காரியத்தைச் செய்தேன்: அந்தக் காகிதத்தைப் படித்தேன். ஒரு வெட்டு என்றால் மிகக் குறுகியது, தொலைவுக்கு. ஐந்து வெட்டு என்றால் மிக அகன்றது, அருகுக்கு. பத்தொன்பது ஆண்டுகளும் தலைகீழ்.

சொன்னேனா? சொல்லவில்லை. ஐந்து வெட்டைச் சத்தமில்லாமல் திருகிக்கொண்டேன். பதினேழாக இருந்த என் கணக்கு இருபத்திரண்டாயிற்று. தலைவர் என் தோளைத் தட்டி, "பாத்தீங்களாடா, எல்லாம் நான் சொல்லிக்குடுத்தது" என்றார். அப்போதும் சொல்லவில்லை. மணமுறிவுக்குப் பின் நான் யாரோடும் பேசாமல் இருந்த ஆண்டில் என்னை இங்கே அழைத்துவந்து, தோளில் துப்பாக்கியை வைக்கப் பழக்கியவர் அவர். அவரிடம் போய், நீங்கள் தவறு என்று எந்த முகத்தோடு சொல்வது? மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்தேன். அது கோழைத்தனம் என்று எனக்குத் தெரிந்தேயிருந்தது.

ஆகஸ்டில் மனசு கேட்கவில்லை. களத்தின் ஓரத்தில் நிற்கும் இரும்புத் தகட்டில், ரவை விழும் தடம் தெரிய வெள்ளைக் கொழுப்பைப் பூசி, அவரைச் சாட்சிக்கு அழைத்து, ஒற்றை வெட்டால் ஒருமுறை சுட்டேன். சூப்புத் தட்டு அளவுக்குக் கறுப்பு. ஐந்து வெட்டால் ஒருமுறை. துணி அலசும் தொட்டியின் மூடி அளவுக்கு விரிந்தது. தலைவர் தகட்டருகே போய்க் குனிந்து பார்த்தார்.

"தகடு கோணலா இருக்கு" என்றார்.

தம் துப்பாக்கியை எடுத்துவந்து தாமே இருமுறை சுட்டார். தகடு அவருக்கும் கோணலாகவே இருந்தது. போய்த் தம் வண்டியில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து, "யாருகிட்டயும் சொல்லாதம்மா. சீசன் முடியட்டும், நானே சொல்லிக்கறேன்" என்றார்.

அறுவைக்கு முந்தைய ஞாயிறு. களத்தில் நாங்கள் ஐவர்: தலைவர், நான், டுவேன், கேலார்ட், லானி. இருவர் சோக்கில் ஐந்து வெட்டு, மூவர் சோக்கில் ஒன்று. தலைவர் உடைத்தார், உடைத்தார், உடைத்துக்கொண்டே போனார். புகை இல்லை, அழகழகாய்த் துண்டுகள். இருபத்தைந்தாவது தட்டு தலைக்கு மேல் இரண்டாகப் பிளந்தபோது, ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாவிஸ் கையிலிருந்த காப்பியை யார் காலிலோ கொட்டினார். உங்கள் கால்தானே கேலார்ட்? மன்னியுங்கள்.

தலைவர் தொப்பியைக் கழற்றி என்னிடம் தந்தார். நான் எறிந்தேன். மூவர் சுட்டார்கள். தொப்பி ஒரு நூல்கூடப் பிரியாமல் புல்லில் வந்து உட்கார்ந்தது.

"காத்துடா" என்றார் டுவேன்.

மீண்டும் எறிந்தேன். மீண்டும் மூன்று வெடி. மீண்டும் முழுத் தொப்பி.

"என்னய்யா இது, தொப்பிக்குள்ள காட்டு வாத்த ஒளிச்சு வெச்சிருக்கீரா?" என்றார் லானி.

அவையோரே, அந்தக் கணத்தை எண்ணிப் பாருங்கள். வாய்திறக்காதிருந்தால் அவர் பெருமை அப்படியே இருக்கும். தொப்பியும் அப்படியே இருக்கும். அவர் கற்பித்த தவறுதான் அவர் தொப்பியைக் காத்துக்கொண்டிருந்தது. எதை விடுவது? எதை வைத்துக்கொள்வது?

தலைவர் தொப்பியை எடுத்துத் தட்டினார்.

"வாத்துக்குன்னு அஞ்சு வெட்டு வெச்சிருக்கீங்கள்ல, அதப் போடுங்கடா."

"அது தூரத்துக்கு இல்ல?"

"இல்ல. கிட்டத்துக்கு. பத்தொம்பது வருஷமா நான் தலைகீழாச் சொல்லிட்டேன்."

டுவேன் தம் சோக்கைக் கழற்றி, தம் பத்தொன்பது ஆண்டுகளையும் அதன் வழியே பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மாவிஸ்தான் பேசினார்: "பேசுனது போதும், எறி ஜோலீன். எனக்கு அந்தத் தொப்பியவே பிடிக்காது."

எறிந்தேன். கீழே வந்தது தொப்பி அல்ல, அதன் வலை. அதோ, சுவரில் எட்டாவது.

எந்தச் சோக் என்று கேட்டீர்கள். குறுகிய வாய் கொஞ்சம் விலகினாலும் மன்னிக்காது. அகன்ற வாய் நம் பிழைக்கும் இடம்விட்டுப் போகும். அருகில் பறப்பதற்கு அகன்றதையே வையுங்கள். எது அகன்றது என்று என்னைக் கேட்காதீர்கள், தலைவரைக் கேட்காதீர்கள், தகட்டைக் கேளுங்கள். நாளைக் காலை புதுக்கொழுப்புப் பூசி வைத்திருப்போம். அது கோணல் என்று சொல்லும் உரிமை தலைவர் ஒருவருக்கே உண்டு.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், என்னைப் பேசச் சொன்ன பெரிய மனதுக்கும் என் நன்றி. சதுப்பில் நிம்மதியாக முதுமை கண்டுவரும் காட்டு வாத்துகளே, உங்களுக்கும் என் வணக்கம். இனிமேல் கொஞ்சம் உயரமாகப் பறந்துகொள்ளுங்கள்.