அறுபது சொடுக்கு

நான், துப்பாக்கித் தொலைநோக்கிகளைப் பழுது பார்ப்பவள், வயது நாற்பத்திரண்டு, கடைத்தெருவில் பூட்டுக்கடை மாடியில் குடியிருக்கிறேன், எல்லோருக்கும் 'கண்ணாடியக்கா'. விசாரணை அதிகாரி கேட்க, சுயநினைவோடு சொல்வதாவது:

இறந்தவர் என் கணவர். சுடுதளத்தில் இலக்குக்குக் கீழே உள்ள குழியில் இருந்தபடி இலக்கு அட்டைகளை ஏற்றி இறக்குவது அவர் வேலை. சுட்டவன் என் கூடப்பிறந்த தம்பி. குடித்துவிட்டு வண்டி ஓட்டினான் என்று என் கணவர் அவனை நாலு பேர் முன்னால் அறைந்ததிலிருந்து இரண்டு மாதமாக இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. அது உண்மை. அதை வைத்து இதைக் கொலை என்கிறார்கள். அது பொய்.

சென்ற செவ்வாய்க்கிழமை தம்பியின் தொலைநோக்கியில் ஈரம் கோத்திருந்ததால் அதைக் கழற்றி, வேறொன்றைப் பொருத்தி, நூறு மீட்டரில் சரிபார்த்து வைத்தேன். அன்றைக்கே அதை எடுத்துப்போக அவன் என் கடைக்கு வந்தான். குண்டு போகும் கோணத்தை உயர்த்த மேலே ஒரு குமிழ் உண்டு. திருகினால் ஒவ்வொரு படிக்கும் 'டிக்' என்று ஒரு சொடுக்கு. அறுநூறு மீட்டருக்கு அறுபது சொடுக்கு என்று நான் எப்போதோ எழுதிய அட்டை துப்பாக்கிக் கட்டையில் ஒட்டியிருந்தது. "அக்கா, க்ளிக்குன்னா எல்லாத்துலயும் ஒண்ணுதானே? அட்டை அப்படியே இருக்கட்டுமா?" என்று கேட்டான். எதிரே இரண்டு பேர் காத்திருந்தார்கள், என் வாயில் திருகாணி. "ஆமாண்டா, எடுத்துட்டுக் கெளம்பு" என்றேன்.

ஒன்றல்ல. பழையதில் ஒரு சொடுக்கு நூறு மீட்டரில் ஏழேகால் மில்லிமீட்டர் ஏற்றும், புதியதில் பத்து. அறுபதை அடித்து நாற்பத்து நான்கு என்று நான் எழுதியிருக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் கணக்கு. பட்டப்பகலில் கோட்டை விட்டேன்.

மறுநாள் பகல் பன்னிரண்டரைக்கு அவன் அறுநூறு மீட்டர் இலக்குக்கு அறுபது திருகிச் சுட்டான். குண்டு ஒரு மீட்டர் மேலே போய், இலக்குச் சட்டத்தின் மேல் இரும்பில் பட்டுத் தெறித்து, கீழே குழியில் உட்கார்ந்திருந்த என் கணவரின் கழுத்தில் பாய்ந்தது. அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருக்கிறார். மூடி கையிலேயே இருந்தது.

தம்பியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாயா என்று அதிகாரி கேட்டார். அட்டையும் குமிழும் உங்களிடமே இருக்கின்றன, எண்ணிப் பாருங்கள் என்றேன்.

"என் கை ஆடிடுச்சுக்கா, மாமாவ நானே கொன்னுட்டேன்" என்று அவன் லாக்கப்பில் அழுகிறான். அவன் கை ஆடவில்லை. குண்டு நான் சொன்ன இடத்துக்குத்தான் போனது. இதை அவனிடம் வேறு யாரும் சொல்ல வேண்டாம், நானே சொல்ல அனுமதி வேண்டும்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான் எழுதியிருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)