தாங்குவாள் என்று சொன்னது யார்?

அவைக்கு நடுநாயகமாக வீற்றிருக்கும் எங்கள் அல் ஐன் தமிழர் மன்றத் தலைவர் கலீலுர் ரஹ்மான் அவர்களே! கண்டிக்க வேண்டிய நேரத்தில் கண்டித்து, கைகொடுக்க வேண்டிய நேரத்தில் கைகொடுக்கும் பெரியோர்களே! துவைக்கக் கிடந்ததைத் துவைக்காமல் போட்டுவிட்டுத் துணிந்து வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் மடியில் குழந்தையோடு அமர்ந்திருக்கும் என் அன்புத் தங்கை அகின்யி! நளினியாகிய நான் உங்கள் அனைவரையும் நெஞ்சார வணங்குகிறேன்.

கைதட்டல் இப்போதே வேண்டாம். நான் செய்த தவறைக் கேட்ட பிறகும் தட்ட மனமிருந்தால் தட்டுங்கள்.

பிள்ளைப்பேறு என்றால் நமக்குத் தாய்வீடு. கடல்கடந்து வந்தவளுக்கு எது தாய்வீடு? விசா கிடைக்காத தாய் எப்படி வருவாள்? விமானம் ஏறக்கூடாது என்று மருத்துவர் தடுத்த மகள் எப்படிப் போவாள்? இதற்கு விடையாகத்தான், தையற்கடை நடத்தும் நம் எல்லோருக்கும் அக்காவான ஜுலைஹா பீவி ராத்தா பன்னிரண்டு பெண்களைத் திரட்டினார். முறையாகப் பயிற்சி பெற்றோம். உலகம் டூலா என்கிறது. நாங்கள் பேறுகாலத் தோழி என்கிறோம். மருத்துவம் பார்ப்பது மருத்துவர் வேலை. கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், அவள் சொல்வதை மற்றவர் காதில் ஏற்றுவதும் எங்கள் வேலை.

கறுப்பினப் பெண்களின் வலியைப் பல நாடுகளில் காதில் வாங்குவதில்லை என்று பயிற்சியில் சொன்னார்கள். உச்சுக்கொட்டினோம். எங்கோ நடப்பது என்று நினைத்தோம். எங்கோ இல்லை ஐயா! என் வாயிலேயே இருந்தது!

அகின்யி கென்யாவைச் சேர்ந்தவர். நம் பிள்ளைகள் படிக்கும் மழலையர் பள்ளியில் உதவி ஆசிரியை. கணவருக்குச் சவூதியின் ஜுபைலில் ஆலை வேலை; லீவு கிடைக்கவில்லை. ஆகவே நான் துணை நின்றேன். சுகப்பிரசவம். நான்காம் நாள், தலை பிளக்கிறது, கண்ணுக்குள் மின்னுகிறது என்றார் அகின்யி. நான் என்ன செய்தேன்? தூக்கமில்லாத தலைவலி என்று தீர்ப்புச் சொன்னேன். ஊரிலிருந்து வந்த பிரசவ லேகியத்தை உருட்டி வாயில் போட்டேன். பயிற்சியில் படித்ததெல்லாம் அந்த லேகியத்தோடு கரைந்துபோயிற்று!

குழந்தைக்குத் தைத்த சட்டைகளோடு ராத்தா வந்தார். "ஆப்பிரிக்கப் பொண்ணுங்க திடகாத்திரம் ராத்தா, தாங்குவா" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"தாங்குவாண்டு ஆரு சொன்னா? அவ சொன்னாளா, நீ சொன்னியா? எந்திரி, வண்டிய எடு!"

மருத்துவமனையில் உட்காரச் சொன்னார்கள். ராத்தா உட்காரவில்லை. "பாய், இவ புள்ள பெத்து நாலு நாளு. இப்பவே பிரஷர் பாரு. ஜல்தி!" என்று நின்றார். பார்த்தார்கள். நூற்றெண்பதைத் தாண்டியிருந்தது! இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் வலிப்பு வந்து உயிரே போயிருக்கலாம் என்றார் மருத்துவர்.

மறுநாள் காலை, "தலைவலி போயிற்று" என்று அகின்யி சிரித்தார். அப்பாடா! அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு நிம்மதி.

பின்வரிசையில் யாரோ கேட்கிறார்கள், பிள்ளை ஆணா பெண்ணா என்று. பெண், ஐயா, பெண்! எட்டு மாதம் ஆகிறது. உங்கள் அழைப்பிதழைத்தான் இப்போது மென்றுகொண்டிருக்கிறாள்!

அகின்யியும் அவருடைய தோழியர் மூவரும் பயிற்சி முடித்து எங்களோடு சேர்ந்துவிட்டார்கள். ஆண்களே, உங்கள் வீட்டுப் பேறுகாலத் தோழிக்கு அழைப்பு வந்தால் "இப்பவா?" என்று முகம் சுளிக்காதீர்கள், வண்டிச் சாவியை எடுங்கள். நிறுவனம் நடத்துவோரே, அவளுக்கு ஒருநாள் லீவு கொடுங்கள். ஒரு தாயைக் காப்பதைவிட அவசரமான டியூட்டி எது?

என் மகள் சம்யுக்தாவுக்கு இது ஒன்பதாம் மாதம். துணைக்கு நான் வரட்டுமா என்று ஆசையாகக் கேட்டேன். "வேணாம்மா, நீங்க தாங்கிக்கோன்னு சொல்லிருவீங்க. அகின்யி அக்கா வரட்டும்" என்றாள். சுருக்கென்றது. ஆனாலும் அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

ராத்தா, தமிழ் தெரியாத அகின்யியின் காதில் இதைப் புரியும்படி சொல்லுங்கள். தங்கையே, என்னை மன்னித்துவிடு. என் மகளை உன்னிடம் ஒப்படைக்கிறேன். வலிக்கிறது என்று அவள் சொன்னால், நீ நம்பு.

பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி. அகின்யிக்கு என் தனி வணக்கம்!